அறுத்த வாசப்படி

உள்ளே வரக் காலைத் தூக்கினார் மாசாணியம்மாள். தாண்டுவதற்கு அங்கே ஒன்றுமே இல்லை.

"ஏம்புள்ள பொற்கொடி! வாசப்படி எங்க?"

ஆனைமலையிலிருந்து கார் பிடித்துத் தம்பியைப் பார்க்க வந்தவர். வயசு எண்பது. குரலுக்கு மட்டும் இருபது.

"நேத்துத்தானுங்க அத்தை ஆசாரிய உட்டு அறுத்தோம். அப்பாவோட வாக்கர் தடுக்குதுன்னு..."

"அறுத்தியா? பொறந்த ஊட்டு வாசப்படிய, கட்டிக்குடுத்த புள்ள வந்து அறுத்துப்போட்டியா?"

சோமனூரில் அந்த வீதிக்கே கேட்டது. எதிர்வீட்டு ஜோவிதா டீச்சர் எட்டிப் பார்த்துவிட்டு, நமக்கெதற்கு வம்பு என்று உள்ளே போய்விட்டார். மாசாணியம்மாள் வாயைத் திறந்தால் போலீஸ்காரரே பம்முவார்.

"வெள்ளிக்கெழமையானா உங்கம்மா மஞ்சப் பூசி, பொட்டு வெச்சுக் கும்பிட்ட படியாக்கும் அது! இனி மகாலட்சுமி எங்க நிப்பா? உன்ற தலை மேலயா?"

"நெலக்கால் ரெண்டு பக்கமும் அப்படியே நிக்குதுங்கத்தை. அதுல மஞ்சப் பூசியிருக்கறனுங்க."

"வாயப் பாரு!"

"அக்கா, அவளத் திட்டாதீங்க. நாந்தான்..." என்று பேப்பரை இறக்கிவிட்டு ஆரம்பித்தார் தம்பி வெள்ளியங்கிரி.

"நீ சும்மா இரு."

அவர் மறுபடி பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். நெற்றியில் தையல் போட்ட தழும்பு இன்னும் மறையவில்லை. போன மாசம் வாக்கரைத் தூக்கிப் படிக்கு அந்தப் பக்கம் வைத்தவர், கால் இடறிக் குப்புற விழுந்தார். சம்சாரம் போனதிலிருந்து தனியாள். அரைமணி நேரம் கிடந்த பிறகு பால்காரர்தான் பார்த்துத் தூக்கிவிட்டார்.

பெங்களூரில் இருக்கும் மகன் தமிழ்ச்செல்வன் ஒரே போடாகப் போட்டுவிட்டான். "இன்னொருக்கா விழுந்தா யார் பேச்சும் கேக்க மாட்டேன். இங்க கூட்டிட்டு வந்துருவேன்."

அங்கே பதினாலாவது மாடி. இங்கேயோ, தானே சோறாக்கி, தானே டீக்கடைக்கு நடந்து, நாலு பேரோடு அரசியல் பேசிவிட்டு வருகிற மனுஷன். "அங்க போனா நான் சன்னல்ல உக்காந்து காக்கா எண்ணோணும் கண்ணு" என்று மகளிடம் கண்கலங்கிவிட்டார்.

அதற்குத்தான் பொற்கொடி கோயமுத்தூரிலிருந்து வந்து, பாத்ரூமில் கைப்பிடி மாட்டி, வழுக்குகிற மிதியடியைத் தூக்கி எறிந்து, படியையும் அறுத்துத் தரையோடு சமமாக்கினாள். இதையெல்லாம் அத்தையிடம் சொல்லலாம்தான். அவர் மூச்சு விட்டால்தானே!

"இரு, உன்ற அண்ணனக் கூப்புடறேன்."

போனை ஸ்பீக்கரில் போட்டுக் கூப்பிட்டே விட்டார்.

"தமிழு, உங்கப்பன் ஊட்ல வாசப்படியே இல்ல சாமி. படி இல்லாத ஊட்ல மனுஷன் குடியிருக்கறதா? ஒண்ணு புதுசா வெக்கச் சொல்லு, இல்லாட்டி உங்கப்பனக் கூட்டிட்டுப் போயிரு."

"சரிங்கத்தை. ஞாயித்துக்கெழமை வந்து கூட்டிக்கறேன்."

வெள்ளியங்கிரி பேப்பரை மடித்து ஓரமாக வைத்தார். பொற்கொடிக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. நல்லது செய்கிறேன் பேர்வழி என்று நானே அப்பாவை ஊரைவிட்டுத் துரத்திவிட்டேனே!

மத்தியானம் இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. மாசாணியம்மாள் மட்டும் ரசத்தை இரண்டாம் தரம் வாங்கிச் சாப்பிட்டார்.

கார் கிளம்பத் தயாராக நின்றது. வழிக்குத் தண்ணீர் பாட்டிலோடு வந்த பொற்கொடி அப்படியே நின்றுவிட்டாள்.

மாசாணியம்மாள் வாசலைத் தாண்டி வெளியே போனார். திரும்பி உள்ளே வந்தார். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு இன்னொரு தரம் வெளியே போனார். எதையும் பிடித்துக்கொள்ளவில்லை. முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"அத்தை?"

திடுக்கிட்டுத் திரும்பியவர், அவளைக் கிட்டே இழுத்தார். காலையில் வீதியை எழுப்பிய குரல் இப்போது அவளுக்கே சரியாகக் கேட்கவில்லை.

"அம்மணி, அந்த ஆசாரி ஆனைமலைக்கு வருவானா?"

"எதுக்குங்கத்தை?"

"எங்கூட்டுப் படி முழங்கால் ஒசரம். ஒரு வருசமா அது மேல உக்காந்து, கால ஒவ்வொண்ணா எடுத்து வெச்சுத்தான் தாண்டறேன். மருமக கண்டா வெசனப்படுவான்னு, அவ இல்லாத நேரமாப் பாத்து."

"வாசப்படி மேல உக்காருவீங்களாத்தை? நீங்களா?"

"தப்புத்தான். உளுந்து கெடந்தா யாரு பாக்கறது?" கண்ணைத் துடைத்துக்கொண்டார். "நீ வெசனப்படாத. தமிழுகிட்ட நானே பேசிக்கறேன். ஞாயித்துக்கெழமை வந்து அப்பனோட உக்காந்து சாப்புட்டுப்போட்டுப் போகட்டும். உங்கப்பன் எங்கயும் போக மாட்டான்."

பொற்கொடிக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

காரில் ஏறி உட்கார்ந்த பிறகு மாசாணியம்மாள் கண்ணாடியை இறக்கினார்.

"ஆனா கண்ணு, எங்கூட்டுப் படிய அறுக்கச் சொன்னதும் நீதான்னு சொல்லிப்போடுவேன். சொந்தக்காரங்க திட்டுனா வாங்கிக்கோ, உனக்குத்தான் பழகிப்போச்சே!"