குளிச்சுட்டு வந்தா

"காய்ச்சல் எப்ப விட்டுச்சு?"

கேட்டுக்கொண்டே அடுத்த கேள்விக்கு விரலை நகர்த்தினான். வியர்வையில் டேப்லட் திரை வழுக்கியது. மணி அடிப்பதற்குள் முடித்தாக வேண்டும். பொதுச் சுகாதாரத்தில் முதுகலை படிப்பவர்கள் வராந்தா முழுக்க நிற்கிறார்கள். ஆராய்ச்சிப் பயிற்சிக்கு இடம் ஒன்றே ஒன்று.

தேர்வு எளிதுதான். இறந்தவர் வீட்டுக்குப் போய், சாவு எப்படி வந்தது என்று எப்படிக் கேட்பாய்? கேட்டுக் காட்டு.

எதிரே, அந்த வீட்டு மருமகளாக நடிக்க வந்தவள். மடியில், இறந்தவர் யார் என்று எழுதிய ஓர் அட்டை. மாமனார், எழுபது வயது, காய்ச்சல்.

"வெள்ளிக்கிழம விட்டுருச்சு. எந்திரிச்சு குளிச்சுட்டு வந்தா."

"வந்தாருன்னு சொல்லுங்கக்கா. மாமனார்ல."

"ஆமா. வந்தாரு."

மின்விசிறி சோம்பலாகச் சுற்றியது. ராத்திரி முழுக்கப் பஸ்ஸில் விழித்திருந்த கண்களுக்கு அறை லேசாக மிதந்தது. ஜன்னல் திரை உப்பியது, அடங்கியது, உப்பியது. அவள் குரல் தண்ணீருக்கு அடியிலிருந்து வந்தது.

"கை காலெல்லாம் சில்லுன்னு இருந்துச்சா?"

"இருந்துச்சு. குளிச்சதாலன்னு நெனச்சேன். காய்ச்சல்தான் விட்டுருச்சே. தோசை கேட்டா. ஓரமெல்லாம் முறுகலா."

கேட்டா.

இந்த முறை அவன் திருத்தவில்லை.

அட்டை தரையில் கிடந்தது. எப்போது விழுந்ததோ. அவள் அதைத் தேடவும் இல்லை.

இது எழுபது வயது இல்லை.

கேள்விகளில் பாதி பாக்கி. நிறுத்தினால் இடம் போச்சு.

டேப்லட்டைக் கவிழ்த்து வைத்தான்.

"போதும்க்கா. தண்ணி குடிங்க."

மூலையில் மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்த டாக்டர் பர்வீன் நிமிர்ந்தார். "ஏன் நிறுத்திட்டீங்க?"

"இவங்க நடிக்கல மேடம்."

"தெரியும். நாலு வருஷமா வர்றாங்க. ஒவ்வொரு தடவையும் மாமனார் அட்டையத்தான் குடுக்குறோம்." குரலைத் தாழ்த்தினார். "'வந்தா'ன்னு சொன்னா நாங்க திருத்துறதில்ல."

மணி அடித்தது. யாரும் எழவில்லை.

அவள் தண்ணீரைத் தொடவில்லை. அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நல்லாத்தானே கேட்டுட்டு இருந்தீங்க தம்பி. வீட்ல இந்தப் பேச்சை எடுத்தாலே எந்திரிச்சுப் போயிடுறாங்க."

டேப்லட்டை நிமிர்த்தினான். கேள்விகளில் வந்த வழியே பின்னால் போனான், முதல் கேள்விவரை. அங்கிருந்த மாமனாரை அழித்தான்.

"பேரு?"

ஜன்னல் திரை உப்பியது. அடங்க வெகுநேரம் ஆயிற்று.

"இதழினி," என்றாள். "ரெண்டாவது படிக்கிறா."