வேப்பங்கொழுந்து

வேப்பங்கொழுந்து எப்போதோ மசிந்துவிட்டது. அவள் இடிப்பதை நிறுத்தவில்லை.

இஞ்சி தட்டுகிற சின்ன உரல்தான். அடுப்பு மேடையே அதிர்ந்தது.

கொழுந்தைப் பறித்து வந்தவன் அவள் கணவன். தெருமுனை மரத்தில் எக்கி எக்கிப் பறித்து, சட்டையெல்லாம் தூசியாக, சஞ்சீவி மலையைத் தூக்கிவந்த அனுமார் மாதிரி மேடையில் வைத்துவிட்டு நின்றான்.

"நைசா அரைச்சுத் தடவு, கனி. ரெண்டு நாள்ல மறந்துரும்."

அவள் மாலத்தீவுக்குப் புறப்படுவதற்கு அவன் செய்த உதவி மொத்தமே இதுதான்.

திங்கட்கிழமை விமானம்.

பெயரைச் சொன்னால் யாருக்கும் தெரியாத ஒரு குட்டித் தீவு. அங்கே ஒரு பள்ளிக்கூடம். உயிரியல் டீச்சர் வேலை. முழுக்கை வைத்த சுடிதார்கள் தைத்து வந்தாயிற்று. சாமி படம் கொண்டுவரக் கூடாது என்றார்கள். பெட்டியிலிருந்து முருகனை எடுத்துப் பழைய ஆணியிலேயே மாட்டினாள். அங்கே வெள்ளியும் சனியும் விடுமுறை, ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடம். அதற்கும் மனதைப் பழக்கிக்கொண்டாள்.

பெட்டி தயார்.

குழந்தைதான் இன்னும் பால் மறக்கவில்லை.

ஒன்றரை வயது. சோறு தின்னும், முறுக்குத் தின்னும், கண் அசந்தால் அப்பாவின் செருப்பையும் தின்னும். தூக்கம் வந்தால் மட்டும் அம்மாவைத் தவிர வேறு எதுவும் வேண்டாம்.

பச்சைப்பிள்ளையை விட்டுவிட்டுப் போக எப்படித்தான் மனசு வந்ததோ என்று தெருவே கேட்டது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? ஆனால் அத்தனை பேரும் அவளிடம்தான் கேட்டார்கள். அவனிடம் கேட்டது ஒரே ஒரு கேள்வி. காபிக்கு என்னப்பா செய்வே? அதையும் பாவம் பார்த்துக் கேட்டார்கள்.

கூடத்தில் மாமனாரின் படம் மாலையோடு தொங்குகிறது. சவூதியில் ஓர் ஒட்டகத்தின் பக்கத்தில் நின்று எடுத்துக்கொண்டது. அவர் விமானம் ஏறியபோது அவள் கணவன் நாற்பது நாள் பிள்ளை. அவர் முதல்முறை ஊருக்கு வந்தபோது, அப்பாவைப் பார்த்து 'மாமா' என்றானாம். இன்றைக்கும் மாமியார் அதைச் சொல்லும்போது வீடே கண்கலங்கும்.

அவர் போனால் தியாகம்.

அவள் போனால் கல்நெஞ்சு.

உரலில் இன்னும் இரண்டு குத்து குத்தினாள்.

இந்த வேலைக்கு நேர்காணல் நடந்தது இதே வீட்டில், லேப்டாப் முன்னால். மாதிரி வகுப்பு எடுக்கச் சொன்னார்கள். பாலூட்டிகள். பாதிப் பாடத்தில் குழந்தை உள்ளறையில் வீறிட்டது. பக்கத்திலேயே அவன் செல்போனில் கிரிக்கெட் பார்த்துக்கொண்டு படுத்திருந்தான். தூக்கவில்லை. அழுகைச் சத்தத்துக்கு அவளுக்குப் பால் சுரந்து உடுப்பு நனைந்தது. துப்பட்டாவை இழுத்துவிட்டுக்கொண்டு, திமிங்கலமும் தன் குட்டிக்குப் பால் கொடுக்கும் என்று சிரித்த முகமாகச் சொல்லி முடித்தாள்.

வேலை கிடைத்ததும் தெரு முழுக்க லட்டு கொடுத்தவனும் அவன்தான்.

விழுதைக் கிண்ணத்தில் வழித்துக்கொண்டு அறைக்குப் போனாள். கதவை ஒருக்களித்தாள். தடவினாள். தோல் சில்லென்றது.

மதியத் தூக்கத்துக்குக் கண்ணைக் கசக்கியபடி குழந்தை மடியேறியது.

முதல் வாய்.

முகம் சுருங்கியது. கடைவாயில் பச்சையாக எச்சில் வழிந்தது. துப்பிவிட்டு அவளை நிமிர்ந்து பார்த்தது. செய்யாத தப்புக்கு அடி வாங்கிய பிள்ளை டீச்சரைப் பார்க்குமே, அந்தப் பார்வை.

பிறகு அழுதது. ஓடு பிய்ந்துவிடும் போல அழுதது.

கூடத்தில் டிவியின் சத்தம் கூடியது.

அழு என்று அவள் மனதுக்குள் சொன்னாள். நல்லா அழு. அடி. கடி. என் தலைமுடியைப் பிடித்து இழு. விட்டுவிடாதே.

குழந்தை விட்டுவிட்டது.

விம்மல் அடங்கியதும் இரண்டு விரலை வாயில் போட்டுக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தது. தூங்கியும் போனது.

அவன் சொன்ன இரண்டு நாள்கூடத் தேவைப்படவில்லை.

பச்சை விழுதைக் கரைத்துக்கொண்டு பால் வயிறு வரை இறங்கியது. துடைத்தாள். மறுபடியும் கசிந்தது. ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. யார்மேல் என்று கேட்டால் ஒரு பட்டியலே சொல்லியிருப்பாள், அதில் அந்தக் குழந்தையும் இருந்தது.

அவன் கதவைத் தள்ளி எட்டிப் பார்த்தான். முகத்தில் அத்தனை திருப்தி.

"சொன்னேன்ல? அவ்ளோதான்."

போகிற போக்கில் இன்னொன்றும் சொன்னான்.

"அப்படியே ஒரு காபி போட்டுரு."

அவள் எழுந்து போனாள். பாலைக் காய்ச்சினாள். அவனுக்குப் பிடித்த மாதிரி சர்க்கரையைத் தூக்கலாகப் போட்டு, நுரை பொங்க ஆற்றினாள்.

கிண்ணத்தில் விழுது மிச்சம் இருந்தது.

டம்ளரில் ஊற்றுவதற்கு முன், அதன் விளிம்பைச் சுற்றி, ஓர் இடம் விடாமல், விரலால் மெல்லிசாகத் தடவினாள்.

கொண்டுபோய்க் கொடுத்தாள். அவன் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் வாங்கி உதட்டில் வைத்தான்.

திங்கட்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.