திரையில் முளைத்த முள்

டர்ர்ர்... டக்டக்டக்... டர்ர்ர்.

இருட்டியதும் இன்றைக்கும் அந்த இரைச்சல் வந்துவிட்டது. வேலை மேசை ஸ்பீக்கரில்தான். தொட்டிலில் குழந்தை சிணுங்கியது.

அவள் பார்வை பக்கத்திலிருந்த ஆசிலோஸ்கோப்பின் திரைக்குப் போனது. மின் அலைகளை வரைந்து காட்டும் கருவி. பகலெல்லாம் நூல் பிடித்த மாதிரி ஓடிய பச்சைக் கோடு, இப்போது முள்முள்ளாகச் சிலிர்த்துக்கொண்டு நின்றது.

இந்த மாதிரிக் கருவிகளை வீட்டில் வைத்தே பழுது பார்ப்பவள் அவள். திரைதான் கோளாறு என்று அதை மாற்றியும் ஆயிற்று. புதுத் திரையிலும் அதே முள்.

கணவன் வெளியூர் வேலையில். கதவுக்கு உள்தாழ்ப்பாள் போடக் கூடாது என்பது அவன் கட்டளை.

"திடீர்னு வருவேன். நீ எழுந்து வந்து, குழந்தை முழிச்சு... எதுக்கு? சாவிதான் என்கிட்ட இருக்கே!"

எவ்வளவு அக்கறை!

போன் பக்கத்தில் இருந்தால் ஸ்பீக்கர் இப்படி இரையும். ஆனால் தன் போனை அப்போதே சமையலறையில் வைத்துவிட்டாள். அப்படியானால் யாருடைய போன்?

கீழ்வீட்டுத் தாடிக்காரன்! 'அவன் முழியே சரியில்ல' என்று கணவன் சொல்லாத நாளில்லை.

மாடிப்படியில் நின்று கத்தினாள். "உன் போனை முதல்ல அணைச்சு வை!"

"என் போன் உடைஞ்சு கடையில கிடக்குதுக்கா" என்றான் அவன். "தனியா இருக்கீங்க. தாழ்ப்பாள் போட்டுக்கங்க."

"உன் வேலையைப் பாரு!" படாரென்று கதவைச் சாத்தினாள்.

கருவியே உண்டாக்கும் சோதனை அலையைத் திரைக்குக் கொடுத்துப் பார்த்தாள். கட்டம் கட்டமாக, பிசிறில்லாமல் வந்தது. அப்படியென்றால் திரையில் குற்றமில்லை. முள் வெளியிலிருந்து வருகிறது.

நீளமான சோதனை வயரைக் கையில் பிடித்து அறையைத் துழாவினாள். ஜன்னலோரம் முள் சுருங்கியது. தொட்டிலோரம் வளர்ந்தது. தொட்டிலுக்கு மேலே, சுவர்க் கடிகாரத்தின் அருகே, திரை முழுக்க முள்.

கடிகாரத்தை இறக்கிப் பின்மூடியைத் திறந்தாள். தீப்பெட்டி அளவில் ஒரு கறுப்பு டப்பா. அதில் ஒரு சிம் கார்டு. குண்டூசித் தலை அளவில் ஒரு மைக்.

"நாம பேசறதை எவனோ ஒட்டுக் கேக்கறான்டா கண்ணா! கடிகாரத்துக்குள்ள வச்சிருக்கான் பாவி!" குழந்தையை வாரி அணைத்துக்கொண்டாள்.

சட்டென்று இரைச்சல் நின்றது. பச்சைக் கோடு நேரானது.

சமையலறையில் போன் அடித்தது. கணவன்.

"கடிகாரத்தை எதுக்குக் கழட்டறே? ஆசையா வாங்கி மாட்டினது. ஒழுங்கா இருந்த இடத்துல மாட்டு."

"கழட்டினேன்னு... உங்களுக்கு யார் சொன்னா?"

"எல்லாம் உன் நல்லதுக்குத்தான்" என்று வைத்துவிட்டான்.

அவள் அறைக்குத் திரும்பியபோது ஸ்பீக்கர் மறுபடி ஆரம்பித்தது. டர்ர்ர்... டக்டக்டக்.

இடுப்பில் குழந்தையும் கையில் கடிகாரமுமாக வாசலுக்குப் போனாள். கடிகாரத்தைக் கதவோடு ஒட்டி வைத்து, துருப்பிடித்துக் கிடந்த உள்தாழ்ப்பாளை, அவன் காதில் நன்றாக விழும்படி, கிறீச்சென்று இழுத்துப் போட்டாள்.