ஊதக்காற்று

நெவேனா மூன்றாவது முறையாக எல்லோர் தட்டிலும் பீன்ஸை அள்ளி வைத்தாள். இப்படியொரு பணிவான மருமகள் யாருக்கு வாய்க்கும் என்று உறவுக்காரர்கள் மெச்சிக்கொண்டார்கள்.

குடும்பப் புனிதர் நிக்கோலாவின் திருநாள். நோன்புக் காலத்தில் வருவதால் இறைச்சி கிடையாது, மீனும் பீன்ஸும்தான். மதியத்திலிருந்து விருந்து நடக்கிறது. பதினாறு பேர், எட்டு சிகரெட், வெளியே பனி, எல்லா ஜன்னலும் இழுத்துச் சாத்தியிருந்தது.

நெவேனாவுக்கு நெஞ்சு இழுத்தது. கல்யாணமாகி மூன்று குளிர்காலமாக இந்த வீட்டில் அவளுக்கு இதே இளைப்புதான்.

"அத்தை, மூச்சு முட்டுது. ஜன்னலை ஒரு விரலளவு திறக்கட்டுமா?"

"ஊதக்காத்து அடிச்சு எல்லாரும் சாகணுமா?" மாமியார் தேசாங்கா சீறினாள். "என் அண்ணன் அதுலதான் போய்ச் சேர்ந்தான்."

"அவரு லாரியில அடிபட்டுல்ல செத்தாரு?"

"காதுல ஊதக்காத்து புகுந்துச்சு. அதான் லாரி வந்த சத்தம் கேக்கல!"

சுற்றியிருந்தவர்கள் பயபக்தியோடு தலையாட்டினார்கள். அந்த ஊரில் பல்வலி, பக்கவாதம், பரீட்சையில் கோட்டை விடுவது எல்லாவற்றுக்கும் ஊதக்காற்றுதான் காரணம். நெவேனா போய் ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

"நீ பீன்ஸ் சாப்பிடலையா?" என்றான் கணவன் வூகாஷின்.

"எனக்கு மீனே போதும்."

மருந்துக்கடை வைத்திருந்த சின்ன மாமா மிலோராத் பிரசங்கத்தில் இறங்கினார். "வயித்துல வாயு சேர்றது ஒழுக்கக் கேடு! மெதுவா மென்னு தின்னணும். தின்னும்போது பேசவே கூடாது" என்று வாய் நிறைய பீன்ஸோடு பேசினார். "பீன்ஸ் ஊறின தண்ணியக் கொட்டிடணும். முதல் கொதித் தண்ணியயும் கொட்டிடணும். அப்புறம் பாரு, வயிறு..."

வயிறு அவரை முடிக்க விடவில்லை. மிலோராத் தன் நாற்காலியைக் கோபமாகப் பார்த்தார்.

மேசையின் மறுகோடியிலிருந்து பதில் வந்தது. குண்டு அத்தை ஒருத்தி அவசரமாக இருமினாள், இருமல் முந்திக்கொள்ளவில்லை. சற்று நேரத்தில் யார் யாரைக் குறை சொல்வதென்றே தெரியவில்லை. கைக்குட்டைகள் மூக்குக்கு ஏறின.

கடைசியில் தேசாங்காவே எழுந்தாள். நாற்பது வருஷமாகக் குளிர்காலத்தில் திறக்காத ஜன்னலைத் தன் கையாலேயே அகலத் திறந்துவிட்டாள். பனிக்காற்று உள்ளே வந்தது. யாரும் சாகவில்லை.

நெவேனா ஆசை தீர மூச்சை இழுத்து இழுத்து விட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

வூகாஷின் அவள் காதருகே குனிந்தான். "மானம் போச்சேன்னு அழாத. தண்ணியக் கொட்ட மறந்துட்டே, அவ்வளவுதானே?"

"மறக்கல. மூணு வருஷமா வாயால கேட்டுப் பாத்துட்டேன்."