விரல் பட்டால் உறுமும்

தேவசகாயம் பொழுதுபோக்காக வீட்டிலேயே ஆம்ப்ளிஃபயர் செய்கிறவர். ஒவ்வொன்றையும் முடித்ததும் அதன் இன்புட் ஒயரை விரலால் தொட்டுப் பார்ப்பார். உயிருள்ள உடம்பு பட்டதும் ஸ்பீக்கர் ‘ம்ம்ம்’ என்று உறுமினால் எல்லாம் சரி. இன்று தொட்டார், சத்தமே இல்லை. மனைவி ஸ்டெல்லாவைத் தொடச் சொன்னார். அறை அதிர உறுமியது.

“நல்லாத்தானங்க இருக்கு?”

அவர் தொட்டார். ஒன்றுமில்லை. தினமும் பாட்டுக் கேட்கிற பழைய ஆம்ப்ளிஃபயரின் இன்புட் ஒயரைப் பிடுங்கித் தொட்டார். அதுவும் அவரைத் தெரியாததுபோல் கிடந்தது.

“நீ இன்னொரு தரம் தொடு.”

ஸ்டெல்லா தொட்டாள். உறுமியது. அவரையும் தொடவைக்க, ஒயரிலிருந்து விரலை எடுக்காமலே மறுகையால் அவர் கையைப் பிடித்தாள். உறுமல் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்தது.

“கைய விடு ஸ்டெல்லா! விட்ரு!”

அவர் கத்தியதில் பயந்துபோய், அவள் இன்னும் இறுக்கிப் பிடித்தாள்.