மாட்ரிட் மேடம்

மாட்ரிட்டில் அப்போது மதியம் ஒன்றரை மணி. ஏற்காட்டில் ஐந்து. நாகலூர் எஸ்டேட் பங்களாவின் வராந்தாவில் உட்கார்ந்து, போனை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, "பெரோ" என்றான் பாலகுமார்.

"இல்லை, மறுபடியும்," என்றார் இசபெல் மேடம், ஆங்கிலத்தில்.

"பெர்... பெர்... பெரோ."

சமையலறை ஜன்னலில் சுதாராணியின் தலை முளைத்தது. "ஏங்கண்ணு, ஜீப்புதான் ஸ்டார்ட் ஆவலையோன்னு வெந்நி எடுத்துக்கிட்டு வந்தன். நீதானா?"

அவன் போனைக் கையால் பொத்தினான். "பரீட்சை நடக்குதுங்கக்கா. சித்த சும்மா இருங்க."

பங்களாவில் வாடகைக்குத் தங்குபவர்களின் பெட்டியைத் தூக்குவதுதான் பாலகுமாரின் வேலை. அடுத்த வாரம் ஸ்பெயினிலிருந்து காப்பி வாங்குகிறவர்கள் வந்து ஒரு சீசன் முழுக்கத் தங்கப்போகிறார்கள். மேனேஜர் ஜேசுதாஸ் ஒரே மூச்சில் சொல்லிவிட்டார்: "வெள்ளிக்கிழமைக்குள்ள உன்ற ஸ்பானிஷ் டீச்சர் பாஸுன்னு சொல்லிட்டா ரிசப்ஷன்ல நீ. இல்லாட்டி பெங்களூருலருந்து ஆளு வருது. நீ பழையபடி பொட்டி தூக்கு."

இன்று வெள்ளிக்கிழமை.

வணக்கம், நன்றி, வெந்நீர், பில் எல்லாம் தேறிவிட்டது. 'ர்ர்' ஒன்றுதான் பாக்கி. நாக்கை உருட்டி அதிரவிட்டால் 'பெர்ர்ரோ', அதாவது நாய். உருட்டாமல் விட்டால் 'பெரோ', அதாவது 'ஆனால்'. கரியையும் கறியையும் ஒன்றாகவே சொல்லி வளர்ந்த நாக்கு அது. பாலகுமார் கூப்பிட்ட நாயெல்லாம் 'ஆனாலா'கவே நின்றது.

மேடம் பொறுமைசாலி. வகுப்பு நடக்கும் போன் செயலியில் அவர் முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சூரியகாந்திப் பூ. முகத்தை அவன் பார்த்ததில்லை. குரலுக்குப் பின்னால் சில நாள் மணிச்சத்தம் கேட்கும். சர்ச் மணி என்று நினைத்துக்கொள்வான்.

போன வகுப்பில் மேடமே வழியும் சொல்லிக்கொடுத்தார். "உங்கள் பக்கம் மாடு ஓட்டும்போது ட்ர்ர்ர் என்பார்களே, அதேதான். நாக்கை மேல்பல்லுக்குப் பின்னால் லேசாக வைத்து மூச்சை விடுங்கள்."

அவன் வியந்துபோய் சுதாராணியிடம் சொன்னான். "அந்தம்மாவுக்கு நம்மூர் சங்கதியெல்லாம் தெரியுதுங்கக்கா."

"ஊருப் பேரு மாட்ரிட்டுங்கற. பேருலயே மாடு இருக்குது. தெரியாமயா இருக்கும்?" என்றாள் அவள்.

தெரிந்து என்ன பயன்? பாலகுமார் சேலம் டவுனில் பிறந்தவன். பஸ் ஸ்டாண்டில் குறுக்கே படுத்திருக்கும் மாட்டைச் சுற்றிக்கொண்டு போய்த்தான் பழக்கம். ஓட்டிப் பழக்கமில்லை.

"கடைசி வாய்ப்பு, பாலா," என்றார் மேடம். குரலில் வருத்தம் தெரிந்தது. "நிதானமாகச் சொல்லுங்கள்."

அவன் கண்ணை மூடினான். ரிசப்ஷன் மேசை தெரிந்தது. அதற்குப் பின்னால் பெங்களூர்க்காரன் உட்கார்ந்திருந்தான்.

"பெ..."

மணிச்சத்தம் கேட்டது. இந்த முறை போனுக்குள் இல்லை. வராந்தாவுக்குக் கீழே.

"அடக் கெரகமே!" சமையலறையிலிருந்து சுதாராணி அலறினாள். "அந்த ஒத்தக்கொம்புச் செவலை மறுக்கா வந்துருச்சு கண்ணு! மேனேஜர் சாரு ரோசாச் செடில வாய வெக்குது பாரு! முடுக்கியுடு!"

ஒரு வாரமாக வேலி தாண்டி வருகிற மாடு. யார் வீட்டு மாடென்று ஒருவருக்கும் தெரியவில்லை. போன தடவை ரோஜா போனதற்கு ஜேசுதாஸிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவன் பாலகுமார்தான்.

போனும் கையுமாகப் படியில் பாய்ந்தான். என்ன சொல்லி ஓட்டுவது என்று யோசிக்க நேரமில்லை. வாய் தானாகத் திறந்தது.

"ட்ர்ர்ர்ர்ர்றா! போ! ட்ர்ர்ர்ர்றா!"

மாடு தலையைத் தூக்கியது. வாயில் பாதி ரோஜாவோடு இரண்டு எட்டு பின்னால் போய் நின்றது.

பாலகுமாரும் நின்றுவிட்டான். மேல்பல்லுக்குப் பின்னால் நாக்கு இன்னும் கூசியது. மெதுவாக, மாட்டைப் பார்த்தே சொன்னான்.

"பெர்ர்ர்ரோ."

மாடு காதை ஆட்டியது.

"பெர்ர்ர்ர்ரோ! அக்கா, வந்துருச்சுங்கக்கா! பெர்ர்ர்ரோ!"

"மாட்டப் பாத்து நாய்ங்கற. நல்லா வந்துச்சு போ." சுதாராணி வெளியே வந்து, வரப்போரம் கிடந்த கருங்கல் ஒன்றை இரண்டு கையாலும் தூக்கினாள். "நகுந்துக்க சாமி. யாரு ஊட்டு மாடோ தெரியல, இன்னிக்கு இருக்கற ஒரு கொம்பையும் எடுத்துப்போடறன்."

பாலகுமார் போனைப் பார்த்தான். சிக்னல் இருந்தது.

"மேடம்? கேட்டுச்சா மேடம்? பாஸா?"

போனுக்குள் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது. யாரோ மேட்டில் ஓடிவருவது போல.

"பாஸுங்க, பாஸுங்க!" என்றார் மேடம், தமிழில். "அந்த அக்காளக் கல்லக் கீழ போடச் சொல்லுங்க, அது எங்கூட்டு மாடுங்க!"