எதிர்க்கட்சி

"இன்னிக்கும் இடிச்சுட்டார் மேடம். இது மூணாவது தடவை!"

காலை உடற்பயிற்சி வகுப்பு முடிந்து பயிற்சியாளர் இன்னும் முகத்தைக்கூடத் துடைக்கவில்லை. அதற்குள் தபால் ஆபீஸ் அக்கா எதிரில் வந்து நின்றுவிட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நாலு பெண்கள்.

இடித்தவர் யார் என்று கேட்கவே வேண்டாம். பின்வரிசைப் பெரியவர்தான். எழுபது வயது இருக்கும். வகுப்பில் அவருக்கு வைத்திருந்த பெயர் 'எதிர்க்கட்சி'. வலது பக்கம் சாயச் சொன்னால் முப்பது பேரும் வலது பக்கம் சாய்வார்கள். அவர் மட்டும் இடது பக்கம் சாய்வார். பக்கத்தில் நிற்பவர் மேல் இடிக்காமல் என்ன செய்வார்?

"முதல் வாரம் சிரிச்சோம், சரி. ஒன்றரை மாசமாவா ஒரு மனுஷனுக்கு வலது, இடது தெரியாது?"

"ஓரமா நில்லுங்கன்னு நீங்களே சொன்னீங்க. ரெண்டே நாள். மறுபடியும் நடுவுல வந்து நிக்கறார்."

"உங்களையே வெச்ச கண் வாங்காம பார்க்கறார் மேடம். வாயில வேற ஏதோ முணுமுணுப்பு."

"நாளைக்கு அவர் வந்தா நாங்க வரமாட்டோம். அவ்வளவுதான்."

பயிற்சியாளருக்குச் சுருக்கென்றது. அவரை உள்ளே கூப்பிட்டதே அவள்தான். வகுப்பு முடிவில் தினமும் ஒரு குட்டிப் பிரசங்கம் செய்வது அவள் வழக்கம்.

"பள்ளிக்கூடப் பிள்ளைங்க தினம் ஒரு மணி நேரம் ஓடியாடணும். பெரியவங்க வாரத்துக்கு நூத்தம்பது நிமிஷமாவது வேகமா நடக்கணும். அறுபத்தஞ்சு தாண்டினவங்க தடுமாறாம நிக்கவும் பழகணும். முடியாதவங்க முடிஞ்சதைச் செய்யுங்க. கொஞ்சம் அசைஞ்சாலும் லாபம்தான்."

"எல்லாருக்குமாம்மா?" என்று அன்றைக்கு வாசலில் நின்றபடி கேட்டவர் இவர்தான்.

"எல்லாருக்கும்தான். உள்ள வாங்க சார்" என்று பெருமையாக அழைத்தாள். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டோமே என்று இப்போது நொந்துகொண்டாள்.

பெண்களை வெளியே இருக்கச் சொல்லிவிட்டுக் கூடத்துக்குள் திரும்பினாள். பெரியவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, அன்றைய கைப்பயிற்சியைத் தனியாகச் செய்துகொண்டிருந்தார்.

"சார், உங்க வீட்டுல பெண்கள் இருக்காங்களா?"

"இருக்கா. என் சம்சாரம்."

"அவங்களை யாராவது தினமும் இப்படி இடிச்சுக்கிட்டே இருந்தா சும்மா இருப்பீங்களா?"

பெரியவரின் முகம் செத்துவிட்டது. சட்டென்று எழுந்து நின்றார்.

"ஐயையோ... சத்தியமா அந்த மாதிரி இல்லம்மா. அந்தம்மாகிட்ட இப்பவே மன்னிப்பு கேட்டுடறேன்."

"மன்னிப்பெல்லாம் வேண்டாம். நாளையிலேருந்து வராதீங்க, போதும்."

"ஒரே ஒரு வாரம் பொறுத்துக்குங்கம்மா. கைப்பயிற்சி இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு. அதை மட்டும் கத்துக்கிட்டுப் போயிடறேன்."

"என்னத்தைக் கத்துக்கப் போறீங்க? வலது கையைத் தூக்குங்கன்னா வலது கையைத் தூக்க வரல உங்களுக்கு!"

"நீங்களும் இடது கையைத்தானேம்மா தூக்கறீங்க?"

அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது. "நான் உங்க எல்லாருக்கும் எதிர்ல நிக்கறேன் சார். நான் இடதைத் தூக்கினாத்தான் என்னைப் பார்த்துச் செய்யறவங்க வலதைத் தூக்குவாங்க. சொல்லிக் குடுக்கறவங்க அப்படித்தான் செய்யணும்."

"தெரியும்மா. அதைத்தான் நான் பழகறேன்."

அவளுக்குப் புரியவில்லை. பெரியவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். குரலைத் தாழ்த்தினார்.

"யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு என் சம்சாரம் சத்தியம் வாங்கியிருக்கா. போன வருஷம் அவளுக்குப் பக்கவாதம் வந்து வலது கை, கால் விழுந்துடுச்சு. நாலு பேர் பார்த்தா அவமானம்னு வாசப்படி தாண்டமாட்டா. ஆஸ்பத்திரியிலேருந்து பயிற்சி குடுக்க ஆள் வந்தாலும் போர்வையை இழுத்து மூடிக்குவா. நான் எதிர்ல உக்காந்து செஞ்சா மட்டும் செய்யறா."

அவள் திரும்பி, தான் தினமும் நிற்கும் இடத்தைப் பார்த்தாள்.

"ஓரத்துல நின்னா உங்க கை சரியாத் தெரியல. நீங்க சொல்ற வார்த்தையையும் அப்படியே மனப்பாடம் பண்ணிக்குவேன். 'மூச்சை விடுங்க, முகத்தைச் சிரிச்ச மாதிரி வெச்சுக்குங்க'ன்னு சொன்னா அவளுக்கு நிஜமாவே சிரிப்பு வந்துடும்." அவரும் லேசாகச் சிரித்தார். "நேத்து அந்தக் கை தோள் வரைக்கும் வந்துடுச்சும்மா."

பயிற்சியாளருக்கு வெட்கமாக இருந்தது. என்ன கேள்வி கேட்டோம் இந்த மனிதரை! கண்ணைத் துடைத்துக்கொண்டு ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவருக்கு எதிரில் உட்கார்ந்தாள். பாக்கி இருந்த இரண்டு பயிற்சிகளையும் உட்கார்ந்தபடி எப்படிச் செய்வது என்று நிதானமாகக் காட்டிக் கொடுத்தாள். ஒவ்வொன்றையும் மூன்று தடவை செய்து பார்த்துவிட்டு, பெரியவர் மறுநாளும் வருவதாக அவளிடம் ஒப்புக்கொண்டு, தலைகுனிந்தபடி பின்வாசல் வழியாகப் போனார்.

வெளியே பெண்கள் காத்திருந்தார்கள்.

"சொல்லிட்டீங்களா மேடம்?"

"சொல்லியாச்சு. நாளையிலேருந்து அவர் உங்க யார் பக்கத்துலயும் நிக்கமாட்டார்."

"அப்பாடா! ஒழிஞ்சுது தொல்லை" என்றார் தபால் ஆபீஸ் அக்கா.

"முன்னால, என் பக்கத்துல நிப்பார்" என்றாள் பயிற்சியாளர். "இந்த வகுப்புல சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச இன்னொரு ஆள் அவர்தான்."